தொங்கலூரின் மூலமுகம்

விடியல் மணி அடித்தபோது நித்திலையின் வீடு நகரத் தொடங்கியிருந்தது. காப்பிக் குவளையைக் காந்தத் தட்டில் ஒட்டவைத்துவிட்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பல் துலக்கினாள். முதலில் வீட்டைத் தாங்கிய சிறிய துலா திரும்பியது. லேசான ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பிறகு அந்தத் துலாவைத் தாங்கிய அடுத்த துலா, அதற்கும் அடுத்தது. கடைசியில் ஊரையே இரு பாதிகளாகப் பிடித்திருந்த பெரிய துலா, தூங்கி எழுந்த யானையைப் போல அவசரமில்லாமல் அரைவட்டம் போட்டு நின்றது. நேற்றுவரை வெந்நீர்வாய் அருகே வியர்த்துக்கொண்டிருந்த முப்பத்திரண்டு வீடுகள் பனிச்சுவரோரம் போய்ச் சேர்ந்தன. பனிச்சுவரோரம் நடுங்கியவை வெப்பத்துக்கு வந்தன. யாரும் வெளியே எட்டிப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த வீட்டில் யாரோ தோசை வார்க்கும் வாசனை மட்டும் வந்தது.

சனிக் கோளின் நிலவான என்செலடஸில், பல காத ஆழப் பனிக்கட்டிக்கு அடியில் குடைந்தெடுத்த குகைதான் தொங்கலூர். எடை என்பது அங்கே பெயருக்குத்தான். பூமியில் நூறு கிலோ இருப்பவர் இங்கே ஒரு கிலோ சொச்சம். அதனால் வீடுகளைத் தரையில் கட்டாமல் தொங்கவிட்டார்கள். ஒரு துலாவின் இரு முனைகளிலும் இரண்டு வீடுகள். அப்படி இரண்டு துலாக்களை இரு முனைகளிலும் பிடித்த பெரிய துலா. அதைப் பிடிக்க இன்னும் பெரியது. ஆக அறுபத்துநான்கு வீடுகள், அறுபத்துமூன்று துலாக்கள். எந்தெந்தத் துலா இன்று திரும்பவேண்டும் என்பதைத் தினமும் குலுக்குப்பொறி ஒன்று தீர்மானிக்கும். குகையின் ஒரு கோடியில் கொதிநீர் பீறிடும் பிளவு. மறு கோடியில் உறைய வைக்கும் சுவர். ஒரே ஆள் என்றைக்கும் குளிரில் கிடக்கக் கூடாது, ஒரே ஆள் என்றைக்கும் கதகதப்பில் உட்கார்ந்திருக்கவும் கூடாது என்று முதலில் வந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

நித்திலை அந்தத் துலாக்களின் கண்காணி. வயது நாற்பத்தொன்று. அவள் பல் துலக்கி முடிக்கையில் எதிரே இன்னொரு ஜன்னல் வந்து நின்றது. அதில் சேந்தன் நின்றிருந்தான்.

"பதினாறு நாளாச்சு ஒன் வீடு எதுத்தாப்புல வந்து," என்றான்.

"பொறி போடுற குலுக்கல். நான் என்ன பண்ண?"

"பொறிய நீதான பாத்துக்கற. ஒரு துலாவ லேசா தட்டிவிட்டா தெனமும் இப்படியே நிக்கலாம்."

"தட்டிவிட்டா வேற யாராவது தெனமும் பனியோரம் கெடப்பாங்க, சேந்தா."

அவன் சிரித்தான். வெந்நீர்வாயில் மின்சுழலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. ஆவி பட்டுப் பட்டு முகம் எப்போதும் சிவந்திருக்கும். அவனும் அவளும் பதினோரு வருடமாகக் கல்யாணம் செய்துகொள்ளக் காத்திருந்தார்கள். தடை ஒன்றே ஒன்றுதான். அவள் நாரைக் கப்பல்காரி. அவன் ஆரல் கப்பல்காரன்.

நாரை, ஆரல், வாகை, கொன்றை என்று நான்கு கப்பல்களில் வந்தவர்களின் வாரிசுகள்தான் ஊர்க்காரர்கள் எல்லோரும். குகை குடைந்த காலத்தில், இருட்டில் ஒருவரையொருவர் அடையாளம் காண ஒவ்வொரு கப்பல்காரர்களும் கூரைவிளக்குகளை ஒவ்வொரு விதமாக ஏற்றினார்கள். அறுபத்துநான்கில் எவை எரிகின்றன, எவை அணைந்திருக்கின்றன என்பதே ஓர் 'ஒளிமுகம்'. துலா திரும்பினால் முகமும் கலைந்து வேறாகும். அப்படி மாறிய முகமும் அதே கப்பலுக்கே சொந்தம் என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகத்தைப் போட்டால், இரண்டிலும் எரிகிற விளக்குகள் அணைந்துவிடும். ஏனென்றால் ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்தியதாகிவிடுகிறது. அப்படி வருகிற மூன்றாவது முகமும் அவர்களுடையதே. இவ்வாறு பெருகிய முகங்களின் கூட்டத்துக்கு முகவழி என்று பெயர். காலப்போக்கில் கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அவரவர் முகவழியிலிருந்து ஒரு முகத்தை ஏற்றுவது வழக்கமாயிற்று. முகவழி ஏடுகள் பூட்டிவைக்கப்பட்டன. 'எங்க முகத்தத் திருடி ஏத்திட்டாங்க' என்று அவ்வப்போது கைகலப்பும் நடந்தது.

இத்தனைக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒவ்வொரு முகவழிக்கும் உள்ளே, உள்ளுக்கும் உள்ளே, இனிமேல் பிரிக்க முடியாத ஒரு மூலமுகம் இருக்கிறது. அதுதான் அந்தக் கப்பல்காரர்களின் தன்மை. மூலம் பொருந்தாத இரண்டு பேர் சேர்ந்தால் குடும்பம் விளங்காது என்பது அந்த நம்பிக்கை. அந்த மூலமுகத்தை யாரும் கண்டதில்லை. நாரைக்காரர்களின் முகவழியில் மட்டும் ஒரு லட்சம் கோடிக்கும் மேல் முகங்கள். காணாததாலேயே எல்லோரும் அதை உறுதியாக நம்பினார்கள்.

"சபையில மனு போடப் போறேன்," என்றாள் நித்திலை. "நாலு ஏட்டையும் தெறந்து மூலத்தக் கண்டுபிடிக்கச் சொல்லி. ஏரணி பழைய கணிப்பொறி மாதிரி இல்ல. அதால முடியும்."

சேந்தனின் சிரிப்பு நின்றுவிட்டது. "வேணாம், நித்தி. பொருந்தலன்னு வந்துட்டா? கேக்காம இருக்கிற வரைக்கும் நம்பிக்கையாவது இருக்கும்."

"பதினோரு வருஷம் நம்பிக்கையோட இருந்தாச்சு. போதும்."

சபைத் தலைவர் மாசிலாமணி கொன்றைக்காரர். எதையும் மூன்று முறை கேட்டு, நான்காவது முறை தலையாட்டுகிற மனிதர். மனுவைக் கேட்டதும் சபையில் கூச்சல் எழுந்தது. வாகைக்காரர்களின் பேச்சாளரான காந்திமதி எழுந்து, "எங்க பூட்ட எங்க அனுமதி இல்லாம யாரும் தொட முடியாது," என்றாள். ஆனால் தங்கள் மூலம்தான் எல்லாவற்றிலும் நுட்பமானதாக இருக்கும் என்று நான்கு கூட்டத்தாருக்குமே ஓர் ஆசை இருந்தது. இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு மாசிலாமணி தீர்ப்புச் சொன்னார்.

"ஏடுகளத் தெறக்கலாம். நாரை மூலமும் ஆரல் மூலமும் ஒண்ணா இருந்தா ஒங்க கல்யாணத்த நானே பதிவு பண்ணித் தரேன். இது என் வாக்கு. வேற வேறன்னு வந்தா, இந்தப் பேச்ச இனி எடுக்கவே கூடாது. சம்மதமாம்மா?"

"சம்மதம், ஐயா," என்றாள் நித்திலை.

துலா அறையில்தான் ஏரணி இருந்தது. பார்வைக்கு ஒரு திரை, ஒரு குரல். மற்றதெல்லாம் பனிச்சுவருக்குள் புதைந்திருந்தது. அது பேச்சுத் தமிழ் பேசாது. நான்கு ஏடுகளையும் அதற்குள் செலுத்திவிட்டு, நித்திலை வேலையை விளக்கினாள். ஒரு முகவழிக்குள்ளேயே, திருப்பினாலும் ஒன்றின்மேல் ஒன்று போட்டாலும் தனக்குள்ளேயே அடங்கி நிற்கிற சின்ன முகவழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதற்குள் நுழைந்து இன்னும் சின்னதைத் தேட வேண்டும். இனிச் சின்னதே இல்லை என்கிற இடத்தில் நிற்பதுதான் மூலம்.

அடுத்த நாள் காலை ஏரணி அழைத்தது. "நாரையின் மூலமுகம் கிடைத்துவிட்டது."

திரையில் அறுபத்துநான்கு புள்ளிகள். அறுபத்துநான்கும் எரிந்தன.

"திரை கெட்டுப்போச்சா?"

"இல்லை. மூலமுகம் இதுதான். எல்லா விளக்குகளும் எரிகின்றன."

நித்திலைக்கு முதலில் ஏமாற்றம்தான் வந்தது. எல்லா விளக்கும் எரிவது ஒரு முகமா? மின்சாரம் தாங்காது என்பதால் ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு விளக்குகளுக்கு மேல் ஏற்றவே கூடாது என்பது ஊர்ச் சட்டம். அதற்கு மேற்பட்ட முகங்களை 'அடங்கா முகம்' என்று ஏட்டில் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அதிலும் எல்லாம் எரிவதை முகம் என்றே யாரும் எண்ணியதில்லை. சிறு குழந்தை விரல் பதிகிற பொத்தானையெல்லாம் அழுத்திவைத்தது போல இருந்தது அது.

"ஆரலப் பாரு," என்றாள்.

ஆரலுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதே அறுபத்துநான்கு புள்ளிகள்.

அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். பதினோரு வருடம். கண் நிறைந்தது. எடையில்லாத ஊரில் கண்ணீர் கன்னத்தில் இறங்காது; விழியோரம் ஒரு மணியாகத் திரண்டு நடுங்கிக்கொண்டிருக்கும். அவள் அதைத் துடைத்துவிட்டு உடனே அலைபேசியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கணக்குத் தெரிந்தவளுக்கே வருகிற சந்தேகம் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது.

"வாகை?"

அதே.

"கொன்றை?"

அதே.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கைபோன போக்கில் பதினொரு பொத்தான்களை அழுத்தினாள். எந்தக் கப்பலுக்கும் இல்லாத, அந்த நிமிடம் பிறந்த ஒரு முகம். "இதிலேர்ந்து ஒரு முகவழிய வளத்து, அதுக்கு மூலத்தக் கண்டுபிடி." ஏரணி வளர்த்தது, உள்ளே நுழைந்தது, நின்றது. அறுபத்துநான்கு புள்ளிகள். இன்னொன்று கொடுத்தாள். அதுவும் அப்படியே. ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிகிற முகத்தைக் கொடுத்தாள். அதுவும்.

இருபது வருடமாக இந்தத் துலாக்களைத் திருப்பியிருக்கிறாள். அவற்றுக்குள் இப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

காகிதத்தை எடுத்தாள். ஏன் என்று தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தாள். அன்று பகல் முழுவதும், மறுநாள் காலையும் போயிற்று. சாப்பாட்டு இடைவேளையில், வாயில் ஒரு கவளத்தோடு, அது அவளுக்குப் பிடிபட்டது. எவ்வளவு எளிமை! இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் இத்தனை நாளும் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

ஒரு முகவழியில் புதிதாக ஒரு முகம் சேர்ந்தால், பழைய முகங்கள் ஒவ்வொன்றோடும் அது கூடி முகங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். அதனால் எந்த முகவழியிலும் முகங்கள் இரட்டைப்படைதான். இனி, துலாக்களைத் திருப்பலாம். ஒவ்வொரு துலாவும் திரும்பும், அல்லது திரும்பாது, இரண்டே வழி. ஆகவே மொத்தத் திருப்பங்களின் எண்ணிக்கை இரண்டை இரட்டித்து இரட்டித்து வருவது. அதன் பலனாக, ஒரு முகம் எத்தனை உருவம் எடுத்தாலும் அது இரண்டு, நான்கு, எட்டு என்றுதான் போகும். மூன்றோ ஐந்தோ வராது. உருமாறுகிற முகங்கள் எல்லாம் இப்படி இரட்டைக் கூட்டங்களாகக் கைகோத்துப் போய்விடுகின்றன. இரட்டையிலிருந்து இரட்டை போனால் மிச்சம் இரட்டை. அந்த மிச்சம்தான் எந்தத் திருப்பத்துக்கும் மாறாத முகங்கள். எல்லா விளக்கும் அணைந்த இருட்டு எப்போதும் மாறாது, அது ஒன்று. ஆனால் மிச்சம் ஒற்றையாக இருக்க முடியாதே? அப்படியானால் இருட்டுக்குத் துணையாக இன்னொன்று இருந்தே தீர வேண்டும்! எந்த வீட்டையும் எந்த இடத்துக்கும் கொண்டுபோகக்கூடிய ஊரில், எப்படித் திருப்பினாலும் மாறாமல், இருட்டாகவும் இல்லாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. எல்லோரும் எரிவது.

இருட்டு எங்கே அடங்கியிருக்கிறதோ, அங்கே முழு ஒளியும் அடங்கியிருக்கிறது. யாரும் வைக்கவில்லை, யாராலும் எடுக்கவும் முடியாது. ஒற்றை, இரட்டை என்று குழந்தைகள் விரல்விட்டு ஆடும் ஆட்டத்துக்குள் இது இருந்திருக்கிறது. நித்திலை கவளத்தை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் இருக்கிறது," என்றது ஏரணி. "மூலத்தை அடிச் செங்கல் என்று வையுங்கள்; அதை ஒதுக்கிவிட்டு மேலே பாருங்கள். அடுத்த படியிலும் அதே செங்கல்தான் இருக்கிறது. அதற்கு மேலும் அதே. ஆரலின் முகவழி ஒன்பது படி. வாகை பதினேழு. கொன்றை இருபத்தாறு. நாரை நாற்பது. எல்லாப் படியும் ஒரே செங்கல். வேறொரு வகைச் செங்கல் இந்த ஊரில் இருக்கவே முடியாது."

"ஒரே செங்கல வெச்சு இத்தன லட்சம் கோடி முகமா?"

"ஆம். கல்லில் வேறுபாடு இல்லை. ஒன்றை ஒன்று எப்படிப் பற்றியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிடியை விட்டுவிட்டால் கைக்கு வருவது மூலம் மட்டும். நான்கு முகவழிகளும் ஒரே ஏணியில்தான் நிற்கின்றன. ஆரலின் முகங்கள் அத்தனையும் நாரையின் முகவழிக்குள் இருக்கின்றன."

முகத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஊர் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டது நித்திலையின் நினைவுக்கு வந்தது. யாரும் எதையும் திருடவில்லை. அவள் அலைபேசியை எடுத்தாள்.

சேந்தனிடம் நடந்ததைச் சொன்னாள். சுழலிகளின் இரைச்சலில் அவனுக்கு இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. பிறகு, "எல்லா வெளக்கும் எரியறதுதானா? இதுக்குத்தானா பதினோரு வருஷம்?" என்றான்.

"இதுக்குத்தான்."

"சபை நம்பாது, நித்தி. கணக்கச் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. கண்ணால பாக்கணும். ஒம்பது நிமிஷம் அறுபத்துநாலு வெளக்குக்கும் மின்சாரம் குடுக்க என்னால முடியும். எல்லாச் சுழலியையும் ஒண்ணா ஓட்டணும். ஒம்பதுக்கு மேல ஓட்டினா தாங்காது."

"ஒம்பது நிமிஷத்துல எல்லாத் துலாவையும் திருப்பிடுவேன்," என்றாள் நித்திலை.

ஒன்பது நிமிடத்துக்கு மட்டும் விளக்குச் சட்டத்தை மீற அனுமதி வேண்டும் என்றபோது, மாசிலாமணி மூன்று முறை கேட்டார். நான்காவது முறை தலையாட்டினார்.

மறுநாள் விடியலில் ஊர் முழுக்க வெளியே வந்திருந்தது. வீட்டு முகப்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, முந்நூற்றுச் சொச்சம் பேர் இருட்டில் மிதந்தார்கள். நான்கு கூட்டத்தாரும் தத்தம் மூலத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அது என்ன என்று நித்திலை சேந்தனைத் தவிர வேறு யாருக்கும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மணி அடித்தது. முதலில் சேந்தனின் சுழலிகள் உறுமின. பிறகு ஒவ்வொரு கூரையாகப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து, இருபது, முப்பத்திரண்டு. அந்த இடத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் அவர்கள் பார்த்ததில்லை. முப்பத்துமூன்று. நாற்பது. அறுபது. அறுபத்துநான்கு.

குகைக்குக் கூரை உண்டு என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. தலைக்கு மேல், வெகு உயரத்தில், அத்தனை தலைமுறையாக யாரும் பார்க்காத பனி நீலமும் பச்சையுமாக எரிந்தது. உறைந்த அருவிகள் தலைகீழாகத் தொங்கின. அவற்றின் நடுவே ஓடிய வெண்ணிற நரம்புகள் வெந்நீர்வாயிலிருந்து பனிச்சுவர்வரை கிளை பிரிந்து போயின. யாரோ "அம்மா" என்றார்கள். அது கூப்பிட்ட குரல் இல்லை.

நித்திலை துலாக்களைத் திருப்பினாள். குலுக்குப்பொறியை ஒதுக்கிவிட்டு, சின்னத் துலாவிலிருந்து பெரியதுவரை அறுபத்துமூன்றையும், ஒவ்வொன்றாகவும் சேர்த்தும், நேராகவும் மாற்றியும் திருப்பினாள். வீடுகள் பாய்ந்தன, சுழன்றன, ஒன்றின் இடத்தில் இன்னொன்று போய் உட்கார்ந்தது. வெப்பத்திலிருந்தவர் குளிருக்குப் போனார், திரும்ப வந்தார். ஊரே கலைந்தது, ஊரின் முகம் மட்டும் இம்மிகூட அசையவில்லை. எந்த வீடு எங்கே போனாலும் அந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கணக்கு இவ்வளவு பிரம்மாண்டமாக, இவ்வளவு அமைதியாகக் கண்முன் நிற்கும் என்று நித்திலையே எதிர்பார்க்கவில்லை.

"இது யாரோட மூலம்?" என்று பக்கத்தில் மாசிலாமணி கேட்டார்.

"நாரையோடது, ஐயா. ஆரலோடதும். வாகையோடதும். உங்க கொன்றையோடதும். இனிமே யாராவது புதுசா வந்தா அவங்களோடதும்."

கிழவர் ஒரே முறைதான் கேட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது நிமிடம் விளக்குகள் அணைந்தன. யாரும் உள்ளே போகவில்லை. இருட்டில் பக்கத்திலிருந்தவர் யார், எந்தக் கப்பல் என்று பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காந்திமதி அழுதுகொண்டிருந்தாள். அவள் பிடித்திருந்தது ஒரு நாரைக்காரியின் கையை.

முற்பகலில் சபை கூடியது. மாசிலாமணி எழுந்து, "நாலு மூலமும் ஒண்ணு. இனிமே இந்த ஊர்ல மூலப் பொருத்தம் பாக்க வேண்டாம். அந்தச் சட்டம் இன்னையோட போச்சு," என்றார். கைதட்டல் ஓயக் கால் மணி ஆயிற்று. சேந்தன் வெந்நீர்வாயிலிருந்து அப்படியே வந்திருந்தான், முகமெல்லாம் தீய்ந்த மசகெண்ணெய்க் கரி. நித்திலையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பதினோரு வருடத்தில் சபையில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கைதட்டல் அடங்கியதும் காந்திமதி எழுந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. அவள் குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

"நித்திலை, ஒனக்கு இந்த ஊரே கடன்பட்டிருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். எல்லாரும் ஒரே ஏணின்னு சொன்னியே. அதுல எங்களுக்கு எத்தன படி?"

தெரிந்ததை மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

"பதினேழு," என்றாள்.

"மத்தவங்களுக்கு?"

சொன்னாள். சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. கடைசி வரிசையிலிருந்த நாரைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நாப்பது!" என்றார் ஒருவர். "அப்ப ஏணில ஒசரம் நாங்கதான். நாங்க சொல்லிட்டேதான இருந்தோம்?"

"ஒசரமா?" என்று ஆரல் பக்கமிருந்து ஒரு குரல் சீறியது. "மூலத்துலேர்ந்து அவ்வளவு தூரம் வெலகிப் போயிட்டீங்கன்னு அர்த்தம். ஒம்பதே படி. நாங்கதான் மூலத்துக்குப் பக்கத்துல இருக்கோம். கலப்பில்லாதவங்க."

"ரொம்ப மேலயும் இல்லாம ரொம்பக் கீழயும் இல்லாம நடுவுல நிக்கறதுதான் பக்குவம்," என்றாள் காந்திமதி. பதினேழும் நடு, இருபத்தாறும் நடு என்பதால் வாகைக்காரர்களுக்கும் கொன்றைக்காரர்களுக்கும் அப்போதே எது சரியான நடு என்று வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"எல்லாப் படியும் ஒரே கல்லுங்க!" என்று நித்திலை எழுந்து கத்தினாள். "கல்லுல எந்த வித்தியாசமும் கெடையாது!"

"அதத்தாம்மா நாங்களும் சொல்றோம்," என்றார் நாரைக்காரர் கனிவாக. "கல்லு ஒண்ணுதான். யாரு மறுத்தா? ஆனா எந்தப் படின்னு ஒண்ணு இருக்கில்ல?"

பிற்பகலுக்குள் தீர்மானம் நிறைவேறியது. மூலப் பொருத்தம் ஒழிந்தது. அதற்குப் பதிலாகப் படிப் பொருத்தம். ஏழு படிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கல்யாணம் கூடாது. மறுநாள் விடியல் மணியிலிருந்து அது அமலுக்கு வரும். மாசிலாமணி ஒருவர்தான் எதிர்த்துக் கை தூக்கினார். தூக்கிய கையை இறக்கிவிட்டு நேராகப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நித்திலையிடம் வந்தார்.

"ஒங்களுக்கும் அவருக்கும் முப்பத்தொரு படி. நாளைக்கு என்னால முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன். இப்பவே கையெழுத்துப் போடுங்க."

போட்டார்கள். மாலையும் இல்லை, ஒளிமுகமும் இல்லை. சேந்தனின் கரி விரல் பதிவேட்டில் அப்படியே பதிந்தது. ஊரில் கப்பல் மாறி நடந்த முதல் கல்யாணம் அதுதான். கடைசியும் அதுதான் என்று தோன்றியது.

திரும்பும் கயிற்றுப்பாதையில் இருவரும் கைகோத்துக்கொண்டு மெல்ல மிதந்து போனார்கள். வழியில் சில வீட்டுக் கதவுகளில் அதற்குள்ளாகவே எண்களை எழுதி ஒட்டியிருந்தார்கள். சேந்தன் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"பைத்தியக்காரங்க," என்றான். "ஆனா ஒண்ணு சொல்லணும், நித்தி. மூலத்துக்குக் கிட்டக்க நாங்கதான் இருக்கோம்ங்கறது உண்மைதான, இல்லயா?"

அவன் விளையாட்டுக்குச் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தில் கரி அவ்வளவு இருந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபோது, ஏரணி கேட்காமலே பேசியது.

"சபை நடவடிக்கைகளைக் கவனித்தேன். எனக்குப் புரியாததால் பூமிக் காலத்து ஏடுகளைப் படித்துப் பார்த்தேன். அங்கேயும் மனிதர்களை மேல், கீழ் என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம் என்பதுவரை எல்லாம் அந்த வரிசைப்படிதான் நடந்திருக்கிறது."

"ஆமா."

"ஆனால் அங்கே துலாக்கள் இல்லை. முகவழிகள் இல்லை. ஏணியும் இல்லை. படி எண்ண எதுவுமே இல்லை. அப்படியிருக்க அவர்கள் எந்தக் கணக்கை வைத்து வரிசைப்படுத்தினார்கள் என்று மூன்று லட்சம் ஏடுகளில் தேடினேன். கிடைக்கவில்லை. அந்தக் கணக்கு எழுதிய ஏடு வழியில் தொலைந்துவிட்டதா?"

நித்திலை திருப்புவிசையில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"தொலையல, ஏரணி," என்றாள். "அப்படி ஒரு கணக்கே இருந்ததில்ல."

ஆரலின் மூலத்தை அரை மணி நேரத்தில் கண்ட பொறி, அன்று பதில் சொல்ல அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

"கணக்கே இல்லாமலா?" என்றது.